வடகோடும் தென்கோடும்: ஓக்லாந்தின் மாலை வானில் பிறையும் கோள்களும்

வானைப் பற்றிய தமிழ்ச் சொற்கள் பலவும் குறிப்பிட்ட ஒரு நிலப்பரப்பில் நின்று நோக்கியோர் வழங்கியவை. குமரிமுனை வட அகலக்கோடு 8 பாகையிலும், யாழ்ப்பாணம் 9.7 பாகையிலும், சென்னை 13 பாகையிலும் அமைந்துள்ளன. பிறையின் வடகோடு, தென்கோடு, தெற்கே செல்லும் வெள்ளி, உச்சிக்கு வரும் மார்கழி நிலா ஆகிய வழக்குகள் யாவும் இந்தச் சில பாகைகளுக்குள் பிறந்தவை. நியூசிலாந்தின் ஓக்லாந்து தென் அகலக்கோடு 36.85 பாகையில் உள்ளது. அங்குக் குடியேறிய தமிழர் தம்மோடு கொண்டு சென்ற சொற்கள் அங்குள்ள வானத்தோடு எவ்வளவு பொருந்துகின்றன, எங்கே பிறழ்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. விண்மீன்களை விடுத்து நிலவையும் ஒளிமிக்க கோள்களையும் முதன்மையாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் எளியது. நகர விளக்குகளின் ஒளியில் விண்மீன்கள் மங்கினாலும் இவை மங்குவதில்லை. எந்தக் கருவியும் இன்றி, மாலையில் வீட்டு வாசலில் நின்று ஒரு சிறுவன் காணக்கூடியவையும் இவையே.

முதலில் பிறை. அமாவாசைக்குப் பின் மேற்கு வானில் தோன்றும் மூன்றாம் பிறையைப் பார்த்து, அதன் இரு கோடுகளில் எது உயர்ந்திருக்கிறது என்று கவனித்து, மழையையும் விளைவையும் பற்றிப் பேசும் வழக்கம் தமிழ்ச் சிற்றூர்களில் நெடுங்காலம் இருந்தது. வடமொழி மரபிலும் இதற்கு இணை உண்டு. ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்த வராகமிகிரரின் பிருகத்சம்கிதை, பிறையின் கோடுகள் நிற்கும் நிலையைப் படகு, கலப்பை முதலிய வடிவங்களாக வகைப்படுத்திப் பலன் கூறுகிறது. பலன் கூறும் பகுதியை ஒதுக்கிவிட்டு, கோடுகள் ஏன் ஏறியும் இறங்கியும் தோன்றுகின்றன என்பதை மட்டும் நோக்கினால், பழையோர் கண்டது மெய்யான ஒரு வேறுபாடே என்பது தெளிவாகும்.

பிறையின் ஒளிரும் பக்கம் எப்போதும் ஞாயிற்றை நோக்கியே இருக்கும். ஞாயிறு, நிலவு, கோள்கள் அனைத்தும் வானில் ஏறத்தாழ ஒரே பாதையில் இயங்குகின்றன. இதனை ஞாயிற்று வீதி எனலாம். மாலையில் இவ்வீதி மேற்குத் தொடுவானிலிருந்து எவ்வளவு சாய்ந்து எழுகிறது என்பதே பிறையின் நிலையைத் தீர்மானிக்கிறது. சென்னையில் பங்குனி மாதத்து மாலைகளில் வீதி ஏறத்தாழச் செங்குத்தாக எழுந்து, வடக்கு நோக்கிச் சுமார் 10 பாகை மட்டுமே சாயும். அப்போது பிறை படகைப் போலக் கிடக்கும். தென்கோடு சற்றே உயரலாம். புரட்டாசியில் வீதி தெற்கு நோக்கி 36 பாகை வரை சாய்கிறது. வடகோடு நன்கு உயர்ந்து தோன்றும். ஆண்டின் பெரும்பகுதியில் வடகோடே மேல். இதனோடு மற்றொன்றும் சேர்கிறது. நிலவின் பாதை ஞாயிற்று வீதியிலிருந்து 5 பாகை அளவு விலகிச் செல்வது. அவ்விலக்கம் நிகழும் இடம் 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று நகர்ந்து மீள்கிறது. ஆகவே சென்ற ஆண்டு பங்குனியில் கண்ட சாய்வு இவ்வாண்டும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆண்டுதோறும் மாறாத ஒன்றை எவரும் குறியாகக் கொள்ளமாட்டார். மாறியதால்தான் கோடுகள் பேச்சுக்கு உரியனவாயின.

ஓக்லாந்தில் இந்தக் கணக்கு முற்றிலும் வேறாகிறது. அங்கு மாலை வீதி எப்போதும் வடக்கு நோக்கியே சாய்கிறது. மேற்கு நோக்கி நிற்பவருக்கு வடக்கு வலப்பக்கம். ஆகவே மறைந்த ஞாயிறு பிறைக்குக் கீழே இடப்புறத்தில் இருக்கும். பிறையின் இடப்பக்கமே ஒளிரும். இடக்கோடாகிய தென்கோடு மேலே நிற்க, வடகோடு தாழும். மார்ச் மாதத்தில் வீதி தொடுவானோடு 30 பாகைக் கோணமே கொள்வதால் பிறை ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். செப்டெம்பரில் அக்கோணம் 77 பாகை வரை உயர்வதால் பிறை படகாகக் கிடக்கும். தமிழ்நாட்டுப் பங்குனிப் பிறைக்கு மிக நெருங்கிய காட்சி ஓக்லாந்தில் செப்டெம்பரில் கிடைக்கிறது என்பது புலம்பெயர்ந்தோர் பலர் கவனியாத ஒன்று. அந்தச் சில வாரங்களை நீக்கிப் பார்த்தால் தென்கோடு உயர்தலே அங்கு நியதி. கோடு பார்த்துக் குறி சொல்லும் வழக்கம் ஓக்லாந்தில் தோன்றியிருக்க இயலாது. பார்ப்பதற்கு ஏறத்தாழ ஒரே விடைதான் இருந்திருக்கும்.

இதன் ஒரு விளைவு கல்வி சார்ந்தது. வடகோளத்தில் அச்சான தமிழ்ப் பாடநூல்களில் வளர்பிறை வலப்பக்கம் ஒளிர்வதாகவே வரையப்படுகிறது. ஓக்லாந்தில் தமிழ் பயிலும் குழந்தை அதைப் படித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தால், நூல் தேய்பிறை என்று சொல்லும் வடிவத்தை வளர்பிறையாகக் காண்கிறது. பிழை குழந்தையிடத்தும் இல்லை, மொழியிடத்தும் இல்லை. ‘வளர்தல்’, ‘தேய்தல்’ என்னும் சொற்கள் எங்கும் பொருந்துவன. வலமும் இடமும்தான் நாடுவிட்டு நாடு வந்தால் பொருந்தாதவை. பாடநூல் எழுதுவோர் படத்தை நீக்கிவிட்டு, மாலையில் தெரிவது வளர்பிறை, விடியலில் தெரிவது தேய்பிறை என்று எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும்.

முழுநிலவின் முகமும் இவ்வாறே. தென்கோளத்தில் நிலா தலைகீழாகத் தெரியும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதியளவே சரி. நிலா எழும் வேளையில், ஓக்லாந்தில் தெரியும் முகம் சென்னையில் தெரியும் முகத்தைவிட ஏறத்தாழ 50 பாகை சுழன்றிருக்கும். இரு இடங்களின் அகலக்கோடுகளுக்கு இடையிலுள்ள வேறுபாடே அது. கிழக்கில் இடஞ்சுழியாகச் சாய்ந்த முயல், மேற்கில் மறையும்போது வலஞ்சுழியாகச் சாய்ந்திருக்கும். நிலா வடவானில் உயர்ந்து நிற்கும்போதுதான், தெற்கு நோக்கி நின்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது முற்றும் கவிழ்ந்ததாகத் தோன்றும். தமிழ்நாட்டில் நிலா பல இரவுகளில் ஏறத்தாழத் தலைக்கு மேலேயே செல்வதால், முயலோ வடை சுடும் பாட்டியோ எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறார் என்பது பாயில் படுத்திருப்பவரின் தலை எத்திசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓக்லாந்தில் அந்தச் சலுகை இல்லை. நிலாவைக் காண வடக்கு நோக்கியே நிற்க வேண்டும். மாவோரி மக்கள் அதே கறைகளில் ரோனா என்னும் பெண்ணைக் காண்கின்றனர்; நீர் மொள்ளச் சென்ற இடத்தில் நிலவைப் பழித்ததால் அது அவளைத் தூக்கிச் சென்றது என்பது அவர்தம் கதை.

பருவமும் தலைமாறுகிறது. மார்கழி முழுநிலா சென்னையில் உச்சிக்கு அருகே செல்வது; ஓக்லாந்தின் அதே இரவில் அது வடவானில் ஏறத்தாழ 30 பாகை உயரமே ஏறும். டிசம்பர் இறுதியில் அங்கு ஞாயிறு மறைவதே இரவு எட்டே முக்காலுக்குச் சற்று முன்னர்தான். மாறாக ஆனி மாதத்து முழுநிலா, ஐந்தேகால் மணிக்கு முன்பே இருளத் தொடங்கும் குளிர்கால இரவில், ஏறத்தாழ 75 பாகை உயரத்துக்கு ஏறி நிற்கும்.

நிலா எழும் திசையைப் பற்றி ஒரு குறிப்பு. ஓக்லாந்துக்குக் கிழக்கே ஹவுராக்கி வளைகுடா. அதற்கு அப்பால், தெளிந்த நாள்களில் தெரியும் குன்றுகள் கோரமண்டல் தீபகற்பத்தைச் சார்ந்தவை. 1820இல் மரம் வெட்டி ஏற்ற வந்த ‘கோரமண்டல்’ என்னும் பிரித்தானியக் கடற்படைக் கப்பலின் பெயரே அத்தீபகற்பத்துக்கு வழங்கலாயிற்று. கப்பலின் பெயரோ சோழமண்டலக் கரையின் பெயர். நியூசிலாந்துக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பைப் பேசுவோர் வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்திலுள்ள தமிழ்மணியைத் தவறாது சொல்வர். சோழமண்டலத்தின் மேலே ஓக்லாந்தின் முழுநிலா எழுவதை ஏனோ சொல்வதில்லை. அத்தீபகற்பத்தின் கிழக்குக் கரையில்தான் 1769 நவம்பர் 9 அன்று புதன் கோள் ஞாயிற்றைக் கடந்து செல்வதைக் குக்கின் பயணக் குழுவினர் அளந்தனர். அவ்விடம் இன்றும் புதன் விரிகுடா என்றே வழங்குகிறது.

புதனைக் காண்பதற்கு ஓக்லாந்து நல்ல இடம் என்பதும் சொல்லத்தக்கது. ஞாயிற்றிலிருந்து புதன் விலகும் கோணம் முறைக்கு முறை 18 முதல் 28 பாகை வரை வேறுபடும். ஆகஸ்டு, செப்டெம்பர் மாலைகளில் வரும் விலக்கங்களே பெரியவை. அந்த மாதங்களில்தான் தென்கோளத்தின் மாலை வீதியும் செங்குத்துக்கு நெருங்கி எழுகிறது. இரண்டும் கூடுவதால், வடநாடுகளில் தேடியும் கிட்டாத புதன் ஓக்லாந்தில் இருட்டிய பிறகும் தெளிவாக நிற்கிறது. நகருக்கு மேற்கே வைட்டாகெரே மலைத்தொடர் தாழ்வானை மறைப்பதால், மங்காகீகீ, மவுங்காவவு போன்ற எரிமலைக் குன்றுகளின் உச்சியோ, தாஸ்மன் கடலை நோக்கிய பீகா, முரிவை கடற்கரைகளோ ஏற்றவை. மங்காகீகீ அடிவாரத்துப் பூங்காவில் 1967இல் திறக்கப்பட்ட ஓக்லாந்து வானாய்வகம், இன்று ஸ்டார்டோம் என்ற பெயரில், பொதுமக்களுக்குத் தொலைநோக்கி வழியே கோள்களைக் காட்டி வருகிறது.

இனி வெள்ளி. புறநானூற்றின் 117ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்புநாட்டில் மழை பொய்யாமையைச் சொல்ல வந்தபோது மூன்று தீக்குறிகளை அடுக்குகிறார்: மைம்மீனாகிய சனி புகைதல், தூமம் தோன்றுதல், வெள்ளி தென்புலத்தில் ஓடுதல். பட்டினப்பாலையும் வெள்ளி திசைதிரிந்து தெற்கே ஏகினும் காவிரி பொய்யாது என்னும் கருத்தோடு தொடங்குகிறது. வெள்ளி தெற்கே சென்றால் வறட்சி என்று உரையாசிரியர்கள் சுருக்கமாக விளக்கிச் செல்வர். ஆனால் வெள்ளி ஞாயிற்றிலிருந்து 47 பாகைக்கு மேல் விலக இயலாத கோள். ஞாயிற்றோடு சேர்ந்து அதுவும் ஒவ்வோர் ஆண்டும் தெற்கே சென்றே தீர வேண்டும். அதுவே தீக்குறி எனின் ஆண்டுதோறும் வறட்சி என்றாகிவிடும். எனவே குறியாவது வெறும் தென்செலவு அன்று. வடபுலத்தில் இருக்க வேண்டிய பருவத்தில் தெற்கே நின்ற நிலை எனக் கொள்வதே பொருத்தம். வெள்ளியின் மாலைத் தோற்றங்கள் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே நாள்களில், அதே திசைகளில் மீள்கின்றன. அந்தச் சுழற்சியில் ஒருமுறையேனும் உடனிருந்து நோக்கிய ஒருவரே ‘இது பருவம் மாறியது’ என்று சொல்லியிருக்க முடியும். கபிலரின் அடுக்கு, நூலறிவை விடக் கண்ணறிவையே முன்னிறுத்துகிறது.

ஓக்லாந்திலோ வெள்ளி தெற்கே சென்றால்தான் காண்பவருக்கு விருந்து. 2021 அக்டோபர் இறுதியில் ஞாயிற்றிலிருந்து மிக விலகி, நவம்பரில் வான நடுவரைக்குத் தெற்கே 27 பாகை வரை சென்றிருந்த வெள்ளி, ஞாயிறு மறைந்த பின் நெடுநேரம் மேற்கில் உயர்ந்து நின்றது. சென்னையில் அதே வெள்ளி தென்மேற்கில் விரைவில் தாழ்ந்தது. எட்டாண்டுச் சுழற்சியின்படி 2029இன் அதே மாதங்களில் அக்காட்சி மீளும். இங்கு இன்னொன்றையும் கருத வேண்டும். நிலவாயினும் கோளாயினும் வான நடுவரைக்குத் தெற்கே 29 பாகையை எட்டுவதில்லை. ஓக்லாந்தின் உச்சியோ 37 பாகை தெற்கே. ஆகவே அவை எழுவதும் மறைவதும் தென்கிழக்கிலும் தென்மேற்கிலும் நிகழலாமே தவிர, உச்சம் பெறும்போது எப்போதும் வடவானிலேயே நிற்கும். மாவோரி மொழி மாலை வெள்ளியை மேரேமேரே என்றும் விடிவெள்ளியைத் தாவேரா என்றும் தனித்தனியே அழைக்கிறது.

நாள்காட்டிக்கு வரும்போது வேறுபாடு காட்சியளவில் நின்றுவிடாமல் வழிபாட்டையும் தொடுகிறது. நியூசிலாந்து நேரம் இந்திய நேரத்துக்கு ஆறரை மணி முந்தியது. கோடைநேரம் நடப்பிலிருக்கும் மாதங்களில் ஏழரை மணி. ஓக்லாந்தில் ஞாயிறு மறையும் கணம், பருவத்துக்கு ஏற்ப, இந்திய நேரப்படி முற்பகல் பத்தே முக்கால் மணிக்கும் பிற்பகல் ஒன்றேகால் மணிக்கும் இடையே விழுகிறது. திரயோதசி இந்திய நேரப்படி ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குமாயின் தமிழ்நாட்டில் அன்று மாலையே பிரதோசம். ஓக்லாந்தின் அன்றைய மாலையில் இன்னும் துவாதசி. பிரதோசம் மறுநாளைக்கே உரியது. திதி முடியும் கணம் உலகுக்கெல்லாம் ஒன்றுதான். மாலைதான் ஊருக்கு ஊர் வேறு. சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தின் தேதியை அப்படியே எடுத்துக்கொள்வோர் நேர மாற்றத்தை மறந்தவர் மட்டுமல்லர். பிரதோசம் என்பது மாலையைச் சார்ந்தது என்னும் விதியின் பொருளையே விட்டுவிடுகின்றனர். பிறை பார்த்து மாதம் தொடங்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் இது பொருந்தும். ஓக்லாந்து மாலையில் நிலவு, அதே தேதியின் சென்னை மாலையைவிட, பருவத்துக்கு ஏற்ப, ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு மணி நேரம் வரை இளையது. ஞாயிற்றிலிருந்து மூன்று பாகை அளவு குறைவாகவே விலகியிருக்கும். மார்ச் மாதத்துச் சாய்ந்த வீதியில் அம்மூன்று பாகை ஒரு நாள் தாமதத்தையே தரக்கூடும்.

பஞ்சாங்கக் கணிப்பு முறைகளுக்குள்ளேயே உள்ள பிளவையும் மாலை வானம் வெளிக்காட்டிய ஒரு நிகழ்வு அண்மையில் உண்டு. வாக்கிய முறை, தமிழ்க் கணியர் நினைவில் வைத்துப் போற்றிய அரிய கருவி. நிலவின் இயக்கம் 248 நாள்களில் ஏறத்தாழ மீள்வதைக் கொண்டு, நாளுக்கொரு வாக்கியமாக அதன் நிலை மனப்பாடமாக்கப்பட்டது. புதுச்சேரியில் ஒரு கணியர், தரையில் சோழிகளை அடுக்கி, எழுத்தில் எதையும் குறிக்காமல், 1825ஆம் ஆண்டின் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் தம் காலசங்கலிதத்தில் பதிவு செய்தார். அக்கணிப்பைத் ‘தமிழ் வானியல்’ என்னும் தம் 1952ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆராய்ந்தவர் ஓட்டோ நோய்கெபௌவர். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. தொலைநோக்கியோ காகிதமோ இன்றிப் பெற்ற விடைக்கு இது வியப்புக்குரிய நெருக்கம். ஆயினும் நெடுங்காலம் திருத்தப்படாத எந்த வாய்பாடும் வானிலிருந்து மெல்ல விலகும். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதனை உணர்ந்தே, கண்டது கொண்டு கணிப்பைத் திருத்த வேண்டும் என வாதிட்டார். திருக்கணிதம் என்னும் பெயரில் உள்ள ‘திருக்’ என்பதற்கே பார்வை என்பதுதான் பொருள். (1867இல் அவர் கண்டறிந்த மாறொளி விண்மீன் சென்னையில் தொடுவானுக்கு மேல் 14 பாகை அளவே உயர்வது, ஓக்லாந்தில் அது மறைவதேயில்லை.)

2020 டிசம்பர் 21 மாலை வியாழனும் சனியும் ஒன்றையொன்று நெருங்கின. இடைவெளி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மிக நெருங்கிய கணம் ஓக்லாந்து நேரப்படி 22ஆம் தேதி காலையில் அமைந்ததால், அங்கு இரு மாலைகளும் ஏறத்தாழச் சம மதிப்புடையவை ஆயின. அதே நாள்களில் வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி வியாழன் நவம்பர் 15 அன்றே மகரத்துள் புகுந்திருந்தது. சனியோ டிசம்பர் 27 வரை தனுசை விட்டு நீங்கவில்லை. திருக்கணிதத்தின்படி சனி அவ்வாண்டு சனவரி 24 அன்றே மகரத்துக்கு வந்துவிட்டது. ஒரு விரல் நுனியால் இரண்டையும் மறைக்கலாம் என்னும் அளவுக்குக் கோள்கள் நெருங்கி நின்ற மாலையில், ஒரு கணிப்பு அவற்றை வெவ்வேறு இராசிகளில் வைத்திருந்தது. திருநள்ளாறு முதலிய கோயில்கள் வாக்கிய மரபையே பின்பற்றுவது அவற்றின் வழிபாட்டு உரிமை. அதில் ஆய்வாளர் தலையிட ஒன்றுமில்லை. ஆனால் ‘சனி இப்போது எங்கே இருக்கிறது?’ என்று ஒரு மாணவி கேட்டால், அந்த வினாவுக்கு விடை மேற்கு வானில் இருக்கிறது.

இறுதியாக, கோள்களைச் சாராத ஒன்று. திருமணத்தில் மணமகளுக்குக் காட்டப்படும் அருந்ததியாகிய வடமீன், வான நடுவரைக்கு வடக்கே 55 பாகையில் உள்ளது. ஓக்லாந்தில் அது ஒருபோதும் எழுவதில்லை. மிக உயர வேண்டிய வேளையிலும் தொடுவானுக்கு இரண்டு பாகை கீழேயே நிற்கிறது. வடக்கே ரெயிங்கா முனையில் கடல்விளிம்பைத் தொட்டாற்போல் மேலே வரும். அகத்திய மீனோ இதற்கு எதிரானது. தமிழ்நாட்டில் தென்வானில் தாழ்வாக எழுந்து மறையும் அது, ஓக்லாந்தில் ஏறக்குறைய மறைவதே இல்லை. நம் கார்த்திகை மீன்கூட்டம் மாவோரியர்க்கு மதாரிகி. சூன், சூலை மாதத்து விடியலில் அது மீண்டும் தோன்றுவதையும் நிலவின் தேய்பிறை நாள்களையும் சேர்த்துக் கணித்து, 2022 முதல் நியூசிலாந்து அரசு ஒரு பொதுவிடுமுறையை வகுத்துள்ளது. முதலாண்டில் அது சூன் 24. மறு ஆண்டில் சூலை 14. தேதி ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது என்று ஓக்லாந்துப் பள்ளிகளில் விளக்க வேண்டியுள்ளது. தைப்பூசம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அவ்விளக்கம் தேவைப்படுவதில்லை.